கேம்பிரிட்ஜில் ஒரு சிவாகமச் சுவடி

வைகறையில் திருப்பள்ளியெழுச்சி தொடங்கி அர்த்தசாமத்துப் பள்ளியறைப் பூசை ஈறாகச் சிவாலயங்களில் நாள்தோறும் நிகழும் வழிபாடுகள் அனைத்தும் ஆகம விதிப்படி நடைபெறுவன என்பதை அன்பர்கள் அறிவர். ஆலயம் எடுப்பதற்குரிய நிலத்தைத் தேர்தல், கருவறையின் அளவு, திருமேனியின் இலக்கணம், குடமுழுக்கு, பெருவிழா, பிராயச்சித்தம் என எதனைக் குறித்து வினவினாலும், ஆகமத்தில் கூறியவாறு என்பதே சிவாசாரியப் பெருமக்களின் விடையாக இருக்கும். அந்த ஆகமம் என்னும் நூல் எங்கே இருக்கின்றது, அதன் பழைய ஏட்டினை இன்று கண்ணாரக் காண இயலுமா என்று வினவுவோமாயின், அதற்குரிய விடை சற்றே வியப்பளிப்பதாகும். சைவாகமங்களின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று, இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில், அரிய சுவடிகளுக்கென அமைந்த பகுதியில் வைத்துப் பேணப்பெற்று வருகின்றது.

சிவபெருமான் அருளியனவாகப் போற்றப்பெறும் மூலாகமங்கள் 28 ஆகும். இவற்றுள் காமிகம் முதலாகிய 10 ஆகமங்கள் சிவபேதம் என்றும், விசயம் முதல் வாதுளம் ஈறாகிய 18 ஆகமங்கள் உருத்திரபேதம் என்றும் வழங்கப்பெறும். திருமூல நாயனார் தம் திருமந்திரத்தில் ஆகமங்கள் ஒன்பதனைப் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். காஞ்சிபுரம் கயிலாயநாதர் திருக்கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன், சைவ சித்தாந்த நெறியில் நின்றவனாக அத்திருக்கோயிலின் கல்வெட்டிலேயே குறிக்கப்பெறுகின்றான். எனவே, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்நெறி தமிழகத்து மன்னர்களால் பெருமையுடன் ஏற்கப்பெற்றிருந்தமை தெளிவாகின்றது. கல்வெட்டு நிலைத்தது, கல்லில் எழுதியது ஆதலின் நிலைத்தது. அம்மன்னன் காலத்தில் ஓதப்பெற்ற ஆகம ஏடுகள் நமக்குக் கிட்டவில்லை. ஓலையின் இயல்பு அத்தகையது.

கேம்பிரிட்ஜில் உள்ள ஏடு பாரமேசுவரம் என்னும் ஆகமத்துக்குரியது. உருத்திரபேத ஆகமங்கள் பதினெட்டனுள் பாரமேசுவரமும் ஒன்று. அச்சுவடியின்கண் 252 என ஓர் ஆண்டு குறிக்கப்பெற்றுள்ளது. பண்டை நேபாளத்தில் வழங்கிய ஓர் ஆண்டுக்கணக்கு கி.பி. 576இல் தொடங்குவதாகும். அதனோடு கூட்டிக் கணக்கிட, இச்சுவடி கி.பி. 828ஆம் ஆண்டினை ஒட்டி எழுதப்பெற்றது என அறிஞர்கள் முடிவு செய்துள்ளனர். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பெற்றது கி.பி. 1010இல் என்பதனை இங்கு நினைவு கூர்ந்தால், அதற்கும் 180 ஆண்டுகள் முற்பட்ட ஓலை இது என்பது விளங்கும். காலம் குறிக்கப்பெற்றுக் கிடைத்துள்ள வடமொழிச் சுவடிகளுள் மிகப் பழைமையானவற்றுள் இஃது ஒன்றாகும்.

இமயத்தின் அடிவாரத்தில் எழுதப்பெற்ற ஏடு இங்கிலாந்தினை அடைந்த வரலாறும் அறியத்தக்கதே. காத்மாண்டு நகரில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகையில் டேனியல் ரைட் என்பவர் மருத்துவராகப் பணியாற்றினார். அவருடைய தமையனார் வில்லியம் ரைட் கேம்பிரிட்ஜில் அரபு மொழிப் பேராசிரியர். 1873 முதல் 1876 வரையிலான காலத்தில், டேனியல் ரைட் உள்ளூர்ப் பண்டிதர்கள் வாயிலாகச் சுவடிகளைத் தேடிப் பெற்று அப்பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அவ்வாறு சென்றவற்றுள் பௌத்த நூல்களே மிகுதி. அக்கால அறிஞர்களின் கருத்து முழுவதும் அவற்றின் மேலேயே சென்றது. சிசில் பெண்டால் என்பார் 1883இல் வெளியிட்ட விரிவான அட்டவணையும் பௌத்தச் சுவடிகளுக்கானதே. சைவ ஏடுகள் நெடுங்காலம் போதிய கவனம் பெறாமல் அடுக்கிலேயே இருந்தன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியாகவே அந்நூலகத்தின் வடமொழிச் சுவடிகள் புதிதாக ஆராயப்பெற்று, அவற்றுள் பல ஒளிப்படமாக்கப்பெற்று, கணினி வழி எவரும் கட்டணமின்றிக் காணுமாறு வைக்கப்பெற்றன. பாரமேசுவரச் சுவடியின் பெருமை பலரும் அறிய வெளிப்பட்டதும் அக்காலத்திலேயே.

இத்தகைய நூலகங்களில் அரிய சுவடிகளைக் கையாளும் முறை நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். பிற நூல்களைப் போல் இவற்றை வீட்டிற்கு எடுத்துச் செல்ல இயலாது. வெப்பமும் ஈரமும் அளவோடு வைக்கப்பெற்ற அறையில் இவை காக்கப்பெறுகின்றன. ஆய்வாளர் முன்னரே விண்ணப்பித்து, அதற்கென உள்ள படிப்பறையில், அலுவலரின் பார்வையில் அமர்ந்தே படித்தல் வேண்டும். மை எழுதுகோலுக்கு அங்கே இடமில்லை. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டுமே அனுமதி. உணவும் நீரும் அறவே கூடாது. ஒரு துளி மையோ நீரோ 1,200 ஆண்டுகளை அழித்துவிடும் அன்றோ! இவ்வொழுங்கினைக் கேட்குங்கால், பூசைக்குரிய பொருள்களைத் தீண்டுமுன் நம் முன்னோர் கடைப்பிடித்த ஆசாரமே நினைவிற்கு வருகின்றது.

ஓலையின் ஆயுள்

நேபாளத்து ஓலை 12 நூற்றாண்டுகள் வாழ்ந்தது எங்ஙனம், நம் நாட்டு ஓலை அங்ஙனம் வாழாதது ஏன் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. முதன்மையான காரணம் தட்பவெப்பமே. இமயச் சாரலின் குளிர்ச்சியில் பூச்சிகளின் தொல்லை குறைவு. நம் நாட்டின் வெம்மையும், கடற்கரையை அடுத்த ஊர்களின் ஈரக்காற்றும், கறையானும், இராமபாணம் என்னும் பூச்சியும் ஓலைக்குப் பெரும்பகை ஆவன. தென்னாட்டில் ஓர் ஏடு 300, 400 ஆண்டுகளைக் கடந்து நிற்பது அரிது.

எழுதும் முறையிலும் வேறுபாடு உண்டு. வடபுலத்தில் ஓலையின் மேல் மையினைத் தொட்டு எழுதினர். தென்னாட்டிலோ எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதுவதே மரபு. மிக இளையதும் மிக முற்றியதும் ஆகாத ஓலையைத் தேர்ந்து, நரம்பு நீக்கி, அளவாக நறுக்கி, நீரிலிட்டுப் பதப்படுத்தி, நிழலில் உலர்த்தி, தேய்த்து மெருகேற்றிய பின்னரே அதில் எழுதுவர். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் கலந்து ஏட்டின் மேல் தடவித் துடைத்தால், கீறலுள் கரி நின்று எழுத்துத் தெளிவாகத் தோன்றும். இதனை மையாடல் என்பர். பின்னர்த் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் கம்பை என்னும் மரச்சட்டங்களை வைத்துக் கட்டுவர். சிவாசாரியர் இல்லங்களில் இருந்த ஆகம ஏடுகளுள் மிகப் பல, வடமொழியைக் கிரந்த எழுத்தில் எழுதியவை.

ஓலைக்கு அழிவு உறுதி என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின், ஏடு நைந்துபோகும் முன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதை ஒரு தவமாகவே மேற்கொண்டனர். தலைமுறைக்கு ஒருவரேனும் அவ்வாறு எழுதினால் நூல் வாழும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் நூல் மறையும். 28 மூலாகமங்களுள் சில இன்று பெயரளவிலும், பிற நூலார் எடுத்துக்காட்டிய சில பகுதிகளின் அளவிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. கிடைத்துள்ளவற்றிலும் சில முழுமையானவை அல்ல. நாள்தோறும் பூசை செய்யும் சிவாசாரியர்களுக்குப் பெரிதும் துணையாய் இருந்துவருவன, ஆகமக் கடலைச் சுருக்கித் தந்த பத்ததி நூல்களே ஆகும். அவற்றுள் 12ஆம் நூற்றாண்டினராகிய அகோர சிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரம த்யோதிகை தமிழகத்தில் பெருவழக்காகப் போற்றப்பெறுவது.

ஏடுகள் அழிந்தமைக்குக் காலம் மட்டுமே காரணம் அன்று. நைந்த ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுவது புண்ணியம் என்று பலர் கருதினர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றிருந்தபோது, பழம்பதி ஒன்றின் திருக்கோயிலில் மன்னர் ஒருவர் வழிவந்த ஏடுகள் குவிந்து கிடந்ததாகவும், அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவும் கேள்வியுற்று நெஞ்சம் நொந்ததனைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அங்ஙனம் செய்தவர்கள் தீய நோக்கத்தினர் அல்லர். இறைவன் திருநாமம் எழுதிய ஓலை குப்பையில் கிடக்கலாகாது என்னும் பக்தியினாலேயே நீருக்கும் நெருப்புக்கும் அளித்தனர். நம் செல்வத்தை அயல்நாட்டார் கொண்டு சென்றனரே என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும், அவ்வருத்தத்தினும் பெரிதாக நாம் வருந்த வேண்டியது, நம் கையில் இருந்தவற்றை நாமே ஆற்றில் விட்டமைக்கே என்று கூறத் தோன்றுகின்றது.

புதுச்சேரியில் திரண்ட சுவடிகள்

எஞ்சியவற்றைத் திரட்டும் பெருமுயற்சி 1955ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தொடங்கிற்று. அவ்வாண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ழான் பிலியோசா. அவர் முதலில் கண் மருத்துவம் பயின்று, பின்னர் வடமொழியும் தமிழும் கற்றுத் தேர்ந்த பேரறிஞர். தென்னாட்டுச் சிவாலய வழிபாட்டினை அறிய வேண்டுமாயின் ஆகமங்களை அறிதல் வேண்டும். ஆகமங்களோ பெரும்பாலும் அச்சேறாமல் ஓலையிலேயே உள்ளன என்பதை உணர்ந்து, அவற்றைத் தேடித் தொகுக்க வழிவகுத்தார். அப்பணியினைத் தலைமேற்கொண்டு பல்லாண்டுகள் உழைத்தவர் பண்டிதர் என்.ஆர். பட் ஆவார். திருமடங்கள், திருக்கோயில்கள், சிவாசாரியர்களின் இல்லங்கள் ஆகியவற்றிலிருந்து ஏடுகள் பெறப்பட்டன. ஏட்டைத் தரவியலாத இடங்களில், அதனைப் பார்த்துத் தாளில் படியெடுக்கப்பெற்றது. இவ்வாறு எழுதப்பெற்ற தாள்படிகளே ஆயிரத்துக்கு மேற்பட்டன.

இன்று அந்நிறுவனத்தில் 8,000க்கு மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. புதுச்சேரியிலேயே உள்ள தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் மையத்தில் 1,600க்கு மேற்பட்ட கட்டுகள் உள்ளன. இவ்விரு தொகுப்புகளும் தாள்படிகளும் சேர்ந்து ஏறத்தாழ 11,000 சுவடிகள் ஆகின்றன. சைவ சித்தாந்த நூல்களுக்கு உலகிலேயே மிகப் பெரிய சுவடித் தொகுப்பு இதுவே. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு இதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. கிராமத்துச் சிவாசாரியர் ஒருவர் தம் வீட்டுப் பரணில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த ஓலைக்கட்டு, உலகம் முழுமைக்கும் உரிய செல்வம் என ஏற்கப்பெற்றதன்றோ!

ஏடுகளைச் சேர்த்து வைத்தல் பணியின் தொடக்கமே ஆகும். பெயர்த்தெழுதுவோர் அயர்ந்த இடங்களில் ஒரு வரி விடுபட்டிருக்கும். ஒன்றைப் போன்று தோன்றும் மற்றோர் எழுத்து புகுந்திருக்கும். ஓரத்தில் ஒருவர் எழுதி வைத்த விளக்கம் அடுத்த படியில் மூலத்தோடு கலந்திருக்கும். ஆதலின், ஓர் ஆகமத்துக்குக் கிடைக்கும் ஏடுகள் அனைத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சுலோகத்தையும் ஒப்புநோக்கி, மாறுபடும் பாடங்களை அடிக்குறிப்பில் தந்து பதிப்பித்தல் வேண்டும். பட் அவர்கள் இம்முறையில் ரௌரவாகமத்தின் முதற்பகுதியை 1961இலும், மிருகேந்திரத்தை 1962இலும், அஜிதாகமத்தின் முதற்பகுதியை 1964இலும் வெளியிட்டார். ரௌரவத்தின் மூன்றாம் பகுதி வெளிவந்தது 1988இல். ஒரே ஆகமத்தின் பதிப்பு 27 ஆண்டுகள் நீண்டது எனின், அவ்வுழைப்பின் அருமையை அன்பர்கள் உணரலாம்.

கேம்பிரிட்ஜ் ஏட்டுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு இங்கேதான் புலனாகின்றது. பாரமேசுவரத்தின் உபாகமங்களுள் ஒன்றாக எண்ணப்பெறுவது மதங்கம். மதங்க பாரமேசுவரம் என வழங்கும் அந்நூலினைப் புதுச்சேரியில் பட் அவர்கள் 1977, 1982 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகப் பதிப்பித்தார். அதற்கு உரை வகுத்த இராமகண்டர் காசுமீரத்தவர். இமயச் சாரலில் ஒரு நூல், காசுமீரத்தில் அதன் உரை, அந்நெறியினைக் கைக்கொண்டு பூசை நிகழ்த்தும் ஆலயங்கள் தென்னாட்டில் என்று, ஒரே சைவ நெறி பாரதம் முழுவதும் பரந்திருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கிரணாகமத்தின் வரலாறும் அத்தகையதே. அதற்கு கி.பி. 924இல் எழுதப்பெற்ற ஏடு ஒன்று நேபாளத்தில் உள்ளது. தென்னாட்டு ஏடுகளும் அதுவும் பல இடங்களில் பாடம் வேறுபடுகின்றன. நேபாள ஏடுகளையும் இராமகண்டர் உரையையும் தென்னாட்டு ஏடுகளையும் ஒப்பிட்டு, கிரணத்தின் முதல் ஆறு படலங்கள் 1998இல் புதுச்சேரியில் பதிப்பிக்கப்பெற்றன. மிகப் பழைய நூலாகிய நிசுவாசமும் நேபாளத்து ஓலையினின்றே 2015இல் அச்சேறியது. இவ்வாய்வுகளால் தெரியவந்த செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. மிகப் பழைய நூல்களில், தீக்கை பெற்றவர் தமக்கெனச் செய்துகொள்ளும் ஆன்மார்த்த பூசையே பெரும்பகுதியாக உள்ளது. உலக நன்மைக்கென ஆலயத்தில் நிகழும் பரார்த்த பூசையும், கோயில் அமைப்பும், திருவிழாக்களும் தென்னாட்டில் வழங்கும் ஆகமங்களிலேயே விரிவாகப் பேசப்பெறுகின்றன. ஆலய வழிபாட்டினை இத்துணை விரிவாக வளர்த்தெடுத்தது தென்னாடு என்று அறிஞர்கள் கருதுகின்றனர். நம் திருக்கோயில்களின் பெருமையினை ஓலைகளும் வழிமொழிகின்றன எனலாம்.

இல்லங்களில் உள்ள ஏடுகள்

இன்றும் சிவாசாரியர், ஓதுவார், மருத்துவர், புலவர் மரபினர் இல்லங்களில் ஓலைக் கட்டுகள் இருத்தல் கூடும். சரசுவதி பூசையன்று அவற்றை எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபட்டு மீண்டும் பரணில் வைக்கும் குடும்பங்கள் பல. படிப்பார் இல்லை என்பதனால் அவை பயனற்றவை ஆகா. எவ்வகை ஏடாயினும் ஆற்றில் விடுதலும் தீயிலிடுதலும் வேண்டா. சந்தனம், குங்குமம், எண்ணெய் முதலியவற்றை ஓலையின் மேல் நேரே இடாமல், மேலுள்ள மரச்சட்டத்திற்கோ சுற்றிய துணிக்கோ இடுவது நலம், எழுத்து மறையாது. கடும் வெயிலில் காயவைத்தால் ஓலை வெடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரித்தால் எழுத்தோடு பெயர்ந்து வரும். மண்ணெண்ணெய் தடவுவோரும் உளர்; அஃது அறவே ஆகாது. மெல்லிய தூரிகையால் தூசி நீக்கி, பருத்தித் துணியில் சுற்றி, வேப்பிலை, வசம்பு இவற்றை அருகில் வைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் போதும்.

பின்னர், அறிந்தாரிடம் அவற்றைக் காட்டுதல் வேண்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும், புதுச்சேரியில் மேற்கூறிய இரு நிறுவனங்களும் உள்ளன. இந்திய அரசு 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கத்தினைத் தொடங்கியது; 2025இல் ஞான பாரதம் என்னும் பெயரில் அப்பணி விரிவாக அறிவிக்கப்பெற்றது. தமிழகத் திருக்கோயில்களில் உள்ள சுவடிகளைக் கண்டறிந்து செப்பனிடும் பணியும் அண்மை ஆண்டுகளில் நடைபெற்று வருகின்றது. ஏட்டினைப் பிரிய மனமில்லாதவர்கள், அதனை ஒளிப்படம் எடுக்க இசைவு தந்தாலே போதுமானது. நூல் காக்கப்பெறும், ஏடும் இல்லத்திலேயே இருக்கும்.

காட்டச் செல்லும்போது முதல் ஏட்டினையும் கடைசி ஏட்டினையும் சிதையாமல் கொண்டு செல்வது மிக முக்கியம். முதல் ஏட்டில் பெரும்பாலும் வணக்கமும் நூற்பெயரும் இருக்கும். கடைசி ஏட்டிலேதான் எழுதியவர் பெயர், ஊர், அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப் பெயரோ கொல்லம் ஆண்டோ, திங்கள், நாள் ஆகியன காணப்பெறும். கட்டின் வெளிப்புறம் அமைவதால் முதலில் உடைவதும் அவ்வேடே. பாரமேசுவரச் சுவடியின் காலத்தை உலகம் இன்று அறிந்திருப்பதும், 252 என்னும் ஆண்டினை எழுதியவர் ஓலையில் பொறித்து வைத்ததனாலும், அவ்வோலை உதிராமல் தப்பியதனாலுமே ஆகும்.